முறைவாசலில் வந்த வலி

தேவசகாயம் காம்பவுண்டில் நாயின் வலி முதன்முதலாகத் தபால்கார ஜெயசீலனின் வலது முழங்காலில் வந்து இறங்கிய காலையில், அங்கே யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு நல்ல தண்ணீர் விடுகிற நாள், குடம் வைத்து இடம் பிடிப்பதற்கே ஆளுக்கு இரண்டு கை போதவில்லை. ஜெயசீலன் பாயிலிருந்து எழப் பார்த்தார், கால் மடங்கவில்லை. தொட்டுப் பார்த்தார், முழங்கால் சுட்ட கத்தரிக்காய் மாதிரி உப்பிக் கொதித்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து பார்த்தால், முந்தின நாள் வரை மூன்று காலில் நொண்டிக்கொண்டு தொட்டி நிழலில் சுருண்டு கிடந்த மிக்சர் என்கிற நாய், நாலு காலும் நல்ல காலாக, குடங்களுக்கு ஊடே புகுந்து புகுந்து ஓடிக்கொண்டிருந்தது. "இந்தா பாருங்க, என் முழங்கால வாங்கிக்கிட்டு அது ஓடுது" என்றார் ஜெயசீலன். ஒரு கடிதாசியைக்கூட வீடு மாற்றிப் போடாத மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த குடத்தை நகர்த்தினார்கள்.

நாய் கடைசி வீட்டு மங்களேஸ்வரியுடையது. மதுரையில் அரசரடிக்கு மேற்கே இருக்கிற அந்தக் காம்பவுண்டில் ஒன்பது வீடுகள், ஒன்பதாவது வீடு தண்ணீர்த் தொட்டிக்கும் பொதுக் குளியலறைக்கும் நடுவே செருகி வைத்த மாதிரி ஒற்றை அறை. அதில் அவள் தனியாக இருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். அம்மா போய்ச் சேர்ந்தபோது தள்ளிப் போடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. தேனி வண்டி எங்கே நிற்கிறது, பச்சைச் சட்டை போட்ட பிள்ளை யாருடையது, கண்ணாடியைக் கழிப்பறையில் வைத்துவிட்டுப் போனவர் யார் என்று காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அவள் குரல் ஊருக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குரலைத் தெரியும், அதற்குப் பதில் சொல்லிப் பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. நாளெல்லாம் ஊரோடு பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை என்பது அவளுக்கே சில நேரம் வேடிக்கையாக இருக்கும், பல நேரம் இருக்காது.

அந்த நாயும் அறிவிப்பில் வந்ததுதான். யாரோ குட்டியைக் கூடையில் வைத்து மைக் அறை வாசலில் விட்டுப் போயிருந்தார்கள். வெள்ளையும் பழுப்பும் கறுப்புமாக உள்ள நாய்க்குட்டியின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனே வரவும் என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், வண்டிகள் வந்தன, போயின, உரிமையாளர் வரவில்லை. சாயங்காலம் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். காம்பவுண்டுப் பிள்ளைகள் அதன் நிறத்தைப் பார்த்து மிக்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள், நாயும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தது, அதற்குப் பிறகு மாற்ற வழியில்லை.

ஒரு வயது நிரம்புவதற்குள் நோய் வந்தது. ஒரு நாள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது, மறுநாள் அந்தக் கால் சரியாகிப் பின்னங்கால் வீங்கியது, அதற்கு மறுநாள் காய்ச்சல், அதற்குப் பிறகு எழுந்து நிற்பதற்கே முனகல். கால்நடை மருத்துவர் ரெஜினா ஊசி போட்டு மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு மங்களேஸ்வரியை உட்காரச் சொன்னார்.

"ஒடம்புக்குள்ள காவலுக்கு ஆள் இருக்காங்கம்மா. வெளியிலேர்ந்து வர்ற கிருமியத்தான் அவங்க அடிக்கணும். இதுக்கு அவங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சு. வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு, மூட்டு மூட்டாப் போயி அடிக்கிறாங்க."

"அடுத்தவங்களுக்குத் தொத்துமா டாக்டர்?"

"தொத்தாது. இது தன்னோடதத் தவிர வேற எதையும் தொடாது."

"எப்பத் தீரும்?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "தீராதும்மா. அடக்கி வைக்கலாம். மாத்திரைய மட்டும் ஒரு நாளும் விட்றாதீங்க, திடீர்னு நிறுத்துனா உயிருக்கே ஆபத்து."

அன்றிலிருந்து அவள் காலையும் மாலையும் நாயை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, தாடையைப் பிடித்து விரித்து, நாக்குக்குப் பின்னால் மாத்திரையைத் தள்ளி, அது விழுங்குகிற வரைக்கும் வாயைப் பொத்திப் பிடித்துக்கொள்வாள். வெல்லத்தில் வைத்துப் பார்த்தாள், மீன் துண்டில் வைத்துப் பார்த்தாள். மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும் அளவுக்கு அதற்குச் சாமர்த்தியம் இருந்தது. அந்த மாத்திரை அதைக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வைத்தது, வீடெல்லாம் ஒன்றுக்கிருக்க வைத்தது, எவ்வளவு போட்டாலும் தட்டை நக்க வைத்தது, வயிற்றைப் பானையாக்கியது. எல்லாவற்றையும் அவள் துடைத்தாள், கழுவினாள், மறுபடி சோறு வைத்தாள். நாய்க்கு அதெல்லாம் கணக்கில் வரவில்லை. மாத்திரை டப்பாவின் மூடி திறக்கிற சத்தம் கேட்டாலே பாய்ந்து போய், மாவுக்கடை பொன்னுத்தாயின் கிரைண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பொன்னுத்தாய் பன் கொடுப்பாள், ஜெயசீலன் காது மடலைத் தேய்த்துவிடுவார், காம்பவுண்டே அதற்குக் கொஞ்சுகிற இடமாக இருந்தது, கடைசி வீடு மட்டும் பிடித்து வைத்து வாயைக் கிழிக்கிற இடம். கூப்பிட்டால் வரும், வாலைக் கீழே போட்டுக்கொண்டு வரும்.

இனி முறைவாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காம்பவுண்டைக் கூட்டி, குளியலறையைக் கழுவி, குப்பையை அள்ளுவது வீட்டுக்கு ஒரு நாள் முறை. முறை முடிந்தவர் பொது விளக்குமாற்றைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் சாத்தி வைப்பார், அதைப் பார்த்தால் நாளை உன் முறை என்று பொருள், வாயால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த விளக்குமாறு எட்டு வீடுகளையும் சுற்றி வரும், ஒன்பதாவது வீட்டுக்கு வராது. மங்களேஸ்வரியின் அம்மா இறந்தபோது, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவரும் யாரும் ஓட்டுப் போடாமலே காம்பவுண்டுக்குத் தலைவர் ஆனவருமான வைரவன், "ஒத்தையா இருக்குற பொம்பளைக்கு எதுக்கு முறை, பாவம், விட்டுரலாம்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரக்கப்பட்டுச் செய்ததுதான். ஆனாலும் எட்டாவது வீட்டு வாசலிலிருந்து தன் வாசலைத் தாண்டி அந்த விளக்குமாறு முதல் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பந்தியில் தன் இலையை விட்டுவிட்டுப் பரிமாறிக்கொண்டு போகிறவரைப் பார்ப்பது மாதிரி அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஜெயசீலனின் முழங்கால் மறுநாள் விடியும்போது வற்றிவிட்டது. அடுத்த வீட்டு வைரவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்கு மறுநாள் பொன்னுத்தாய்க்கு இரண்டு மணிக்கட்டும். வலி விளக்குமாற்றோடு போகிறது, யார் அதைக் கையில் எடுத்தார்களோ அவர்களுக்கு விடிந்ததும் வருகிறது, மறு விடியலில் அடுத்த வீட்டுக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கக் காம்பவுண்டுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வலியோடு காலையில் குனிந்து கூட்ட முடியாது என்பதால் முறைவாசலை முந்தின நாள் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். விளக்கு வைத்த பிறகு கூட்டினால் வீட்டு லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று பெண்கள் சொன்னதால், பொழுது சாய்வதற்குள் கூட்டி முடிக்க வேண்டும் என்று வைரவன் உத்தரவு போட்டார். பொன்னுத்தாய் தன் முறைக்கு முந்தின நாளே இரண்டு மடங்கு மாவு ஆட்டி வைத்துக்கொண்டாள். ஜெயசீலனின் மகள் கணக்குப் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அப்பாவின் முறையைத் தானே ஓடி வந்து எடுத்தாள். நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போகாமல் இருக்க ஒருத்தி பக்கத்து வீட்டு முறையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டாள்.

இன்னொன்றும் தெரிய வந்தது. மாத்திரை நாயின் வயிற்றில் போனால்தான் மனிதனின் வலி தணிந்தது. ஆகையால் காலையில் காபிக்கு முன்னால் ஏதாவது ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து, "எக்கா, மாத்திர குடுத்தாச்சா? உயிர் போகுதுக்கா!" என்று குரல் வரும். மங்களேஸ்வரி அரக்கப் பரக்க நாயைத் துரத்திப் பிடித்து வாயைப் பிளப்பாள். துள்ளி ஓடுகிற நாயின் வாயை ஏன் பிளக்க வேண்டும் என்று நாய்க்கு எப்படித் தெரியும்? அது அவளை இன்னும் ஒரு சுற்றுத் தள்ளி நின்று பார்த்தது.

வலி இருந்த வீட்டில் ஆள் இருந்தது. ஒருவர் ரசம் கொண்டு வருவார், ஒருவர் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார், ஒருவர் சும்மா வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்து தனக்கு எந்த மூட்டில் வந்தது, எப்படி வந்தது என்று கதை சொல்வார். குழாயடிச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்தவர்கள் முட்டி வலியில் பேச ஆரம்பித்தார்கள். "இத்தனையையும் வாயில்லாத சீவன் தாங்குச்சே" என்று பொன்னுத்தாய் மூக்கைச் சிந்தினாள். இதில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொண்டது. டாக்டர் சொன்னதை மங்களேஸ்வரி ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள், அதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்: தன்னோடதைத்தான் தொடும் என்றால், நாமெல்லாம் மிக்சரோட ஆளுங்க.

அதற்கு அத்தாட்சியும் கிடைத்தது. மூன்றாவது வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் திருமாறன் ஒரு காலத்தில் மிக்சர் மேல் செருப்பை வீசியவர். அவர் விளக்குமாற்றை எடுத்து ஒழுங்காகக் கூட்டினார், கழுவினார், படுத்தார். விடிந்தபோது அவருக்கு ஒன்றும் இல்லை, நாய்தான் அன்றைக்கு நொண்டியது. காம்பவுண்டே அவரை ஒரு மாதிரி பார்த்தது. மனிதர் குன்றிப் போனார். அன்றிலிருந்து ஆபீசிலிருந்து வரும்போது கையில் பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தார், தரையில் உட்கார்ந்து நாயோடு பேசினார், சட்டையெல்லாம் நக்க விட்டார். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு ஒரு காலையில் அவருக்குத் தோள்பட்டை தூக்க முடியாமல் போனது. அவர் மனைவி கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள்.

அந்தக் கேசரியை மங்களேஸ்வரியும் வாங்கினாள். வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள், அதற்கு மேல் இறங்கவில்லை. செருப்பு வீசினவனுக்கே வந்துவிட்டது. தெருவில் போகிறவன் எட்டிப் பார்த்தால் அவனுக்கும் வரும் போலிருக்கிறது. தனக்கு மட்டும் ஒரு சுண்டுவிரல் கூட வலிக்கவில்லை. அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, வலியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று. இருந்தாலும் பொறாமை பொறாமைதான்.

மறுநாள் வைரவனிடம் போய்க் கேட்டாள். "அண்ணே, என் நாய் வலி. எனக்கும் ஒரு நாள் முறை வேணும்."

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார் வைரவன். "நாங்க குடும்பஸ்தங்க. ஒருத்தர் படுத்தா ஒருத்தர் பாத்துக்கிருவோம். நீங்க படுத்துட்டா ஒரு வாய் தண்ணி யாரு குடுப்பா?"

நல்ல மனசோடுதான் சொன்னார். நீங்கள் கொடுக்க மாட்டீர்களா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, சரிங்கண்ணே என்று திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வாய்ப்பு அவள் வாசலுக்கே வந்தது. பொன்னுத்தாய் விளக்குமாற்றைக் கையில் எடுக்காமல் காலால் தள்ளிக்கொண்டே கொண்டு வந்தாள். "எக்கா, நாளைக்கு ரெண்டு கல்யாண வீட்டு மாவு ஆர்டர் இருக்கு. என் முறைய நீங்க எடுத்துக்கங்களேன். வைரவண்ணன் கண்ணுல படாம நான் பாத்துக்கிறேன்."

மங்களேஸ்வரியின் கை விளக்குமாறு வரைக்கும் போய்விட்டது. போன கை அங்கேயே நின்றது. எடுத்து, கூட்டி, படுத்து, விடிந்து, ஒன்றும் வராமல் போனால்? இதுவரைக்கும் விளக்குமாறு வரவில்லை, அதனால் வலி வரவில்லை என்று ஒரு சாக்கு இருந்தது. எடுத்த பிறகும் வராவிட்டால் அந்தச் சாக்கும் போய்விடும். பிறகு இந்த உலகத்தில் அவளை ஒரு நாய்கூடத் தன் ஆளாக நினைக்கவில்லை என்று முடிவாகிவிடும். "இல்ல பொன்னு, நாளைக்கு எனக்கு டூட்டி" என்றாள். மறுநாள் அவளுக்கு விடுமுறை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் பொன்னுத்தாய் வீங்கின மணிக்கட்டோடு அரிசியை அள்ளிப் போட முடியாமல் அழுவது கேட்டது, கிரைண்டர் சும்மா ஓடுவதும் கேட்டது.

ஐப்பசி அடைமழை வந்தது. ஈரத்தில் மூட்டு வலி இரட்டிப்பாகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஒரு வலிக்கும் இன்னொரு வலிக்கும் நடுவே இருந்த நாட்கள் சுருங்கிப் போன மாதிரி இருந்தது. ஜெயசீலனின் பையில் கடிதங்கள் தேங்கின. கல்யாண வீட்டு மாவு ஆர்டர் வேறு கடைக்குப் போனது. ரசம் கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றார்கள். சாயங்காலத்தில் தன் வாசலில் விளக்குமாற்றைப் பார்க்கிறவர்கள் முகம் கறுத்து, அதைக் கொண்டு வந்து சாத்தியவரை ஜாடை பேசினார்கள். ஒரு மழை நாளில் வைரவன் இடுப்பு வலியோடு குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டையில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தொட்டிக்குப் பக்கத்தில் கூடினார்கள். மங்களேஸ்வரி தன் வாசற்படியில் நின்றாள்.

"எங்களால இதுக்கு மேல ஏலலம்மா" என்றார் வைரவன். கட்டுப் போட்ட தலையை அவர் நிமிர்த்தவில்லை. "வெளியிலேர்ந்து ஒரு அம்மாவக் கூட்டுறதுக்குப் போட்டுருவோம். அந்தம்மா தன் வெளக்குமாறக் கொண்டு வரும். இத மோட்டார் ரூம்புல போட்டுரலாம். தப்பா நெனைக்காதீங்க."

"தப்பா நெனைக்க என்ன இருக்குண்ணே. ஊரான் வீட்டு நாய்க்காக இவ்வளவு பட்டீங்களே, அதுவே பெருசு" என்றாள் மங்களேஸ்வரி. மைக்கில் சொல்கிற குரலில்தான் அவளால் அதைச் சொல்ல முடிந்தது.

மறுநாள் காலை மிக்சர் எழுந்திருக்கவில்லை. எட்டு வீடுகளில் பிரிந்து கிடந்ததெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. எந்தக் காலைத் தொட்டாலும் கத்தியது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, காய்ச்சல் அனலாக அடித்தது. காம்பவுண்டு மறுபடி சுறுசுறுப்பானது, தபால் போனது, கிரைண்டர் ஓடியது. எல்லோரும் கடைசி வீட்டைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனார்கள். டாக்டர் ரெஜினா மாத்திரையைக் கூட்டினார், இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார், ஊசி போட்டார். வாரக் கடைசியில் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டினார்.

"கஷ்டப்படுத்த வேணாம்மா. தூங்க வச்சிரலாம். ஊசி போட்டா வலியே தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க. எந்திரிக்கலன்னா எனக்குப் போன் பண்ணுங்க."

டாக்டரின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பிய பிறகும் அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மாத்திரை நேரம் வந்தது. டப்பாவைத் திறந்தாள். ஒளிவதற்கு ஓட முடியாத நாய் அவளையே பார்த்துக்கொண்டு, கேட்காமலே வாயைத் திறந்தது. இத்தனை நாளும் அது திமிறியதைவிட இது அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. வெளியே மழை விட்டுப் பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் எழுந்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், மோட்டார் அறைக்குப் போனாள்.

ஒட்டடை பிடித்துக் கிடந்த விளக்குமாற்றை எடுத்து, தரையில் தட்டி ஈர்க்குகளை ஒன்று சேர்த்தாள். முதல் வீட்டு வாசலிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். மழையில் ஒட்டிய வேப்ப இலைகளைச் சுரண்டிச் சுரண்டிக் கூட்டினாள், சாக்கடை வாயை அடைத்திருந்த பிளாஸ்டிக் பையை இழுத்துப் போட்டாள், குளியலறைப் பாசியைத் தேய்த்துக் கழுவினாள். ஒவ்வொரு வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். கிரைண்டர் நின்றது. வைரவன் மட்டும் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, கூட்டத்தான் ஆள் போட்டிருக்குல்ல?"

"இன்னைக்கு என் முறைண்ணே" என்றாள் மங்களேஸ்வரி. குனிந்த தலை நிமிரவில்லை.

விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட்டு, விளக்குமாற்றைத் தன் வாசலில் சாத்தினாள். கதவை உள்தாழ்ப்பாள் போட்டாள். அம்மா படுத்திருந்த இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, கீழே சாக்கில் கிடந்த நாயிடம் பேசினாள். மைக் இல்லாமல் இவ்வளவு பேசி அவளுக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

"இந்தா பாரு. காலையில எனக்கு வரலன்னா, நான் உனக்கு யாரோதான்னு தெரிஞ்சுக்கிருவேன். தெரிஞ்சுக்கிட்டும் மாத்திர குடுப்பேன், அது வேற. ஆனா வந்துச்சுன்னா நல்லது. எனக்குச் சொல்லிக்க வேற யாரும் இல்ல, பாத்துக்க."

நாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பால்காரனின் மணிச் சத்தத்தில் விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது. வலது கையை மெல்ல மடக்கிப் பார்த்தாள், மடங்கியது. இடது கையை மடக்கினாள், அதுவும் மடங்கியது. தோள், கழுத்து, எல்லாம் நேற்று இருந்த மாதிரியே இருந்தன. மல்லாந்து கிடந்தபடியே அவளுக்குக் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. சரி, இவ்வளவுதான், எழுந்து மாத்திரையைக் கொடுப்போம், டாக்டருக்குப் போன் பண்ணுவோம் என்று காலைக் கீழே வைத்தாள்.

கணுக்காலில் ஆணி அடித்த மாதிரி ஒன்று ஏறியது. அது முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக நின்று நின்று ஏறி, தோளில் பிரிந்து, சற்று முன் நல்லபடியாக மடங்கின விரல்களுக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று வந்த வலி இல்லை அது, ஒட்டுமொத்தமாக வந்தது. அவள் "அம்மா" என்று கத்திக் கட்டிலில் சாய்ந்தாள். கத்தின சத்தத்தில் சாக்கிலிருந்து மிக்சர் தலையைத் தூக்கிப் பார்த்தது, உடம்பை உதறியது, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது, எழுந்து நின்றது. பிறகு, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட ஏறாத கட்டிலில் ஒரே தாவலாகத் தாவி ஏறி, அவளுடைய வீங்கின முழங்கால்மேல் நாலு காலையும் ஊன்றி நின்று முகத்தை நக்கியது. உயிர் போகிற வலியில் அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றுதான் என்பது மாதிரி இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பொன்னுத்தாய்.

"எக்கா! எக்கா, வலி வந்திருச்சா?"

"வந்திருச்சு பொன்னு! வந்திருச்சு!" என்று உள்ளே இருந்து பதில் வந்தது. எத்தனையோ ஊர் வண்டிகள் வந்ததைச் சொன்ன குரல், ஆனால் இப்படி ஒரு வரவை அது சொல்லி யாரும் கேட்டதில்லை. பக்கத்து வாசல்களில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கதவத் தொறங்கக்கா, காப்பி கொண்டாந்திருக்கேன்."

"எந்திரிக்க முடியல பொன்னு. தாப்பா எட்டாது."

பொன்னுத்தாய் தம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "சரிக்கா, வெளக்குமாற நான் கொண்டு போறேன். நாளைக்கு நான் பாத்துக்கிறேன். நீங்க ஒருத்தியாக் கெடந்து சாகாதீங்க."

"தொடாத பொன்னு!" கதவுக்கு அந்தப் பக்கம் குரல் பதறியது. "தொடாத! அது இங்கயே கெடக்கட்டும். யாரும் எடுக்க வேணாம், சொல்லிரு. இன்னும் கொஞ்ச நாளு என்கிட்டயே இருக்கட்டும்."

நீட்டின கையைப் பொன்னுத்தாய் இழுத்துக்கொண்டாள். உள்ளே நாய் கட்டிலை விட்டுக் குதித்து மறுபடி கட்டிலில் ஏறுவதும், அது ஏறி மிதிக்கும்போதெல்லாம் மங்களேஸ்வரி ஐயோ என்று கத்துவதும், கத்தின வாயாலேயே அதை இன்னொரு தடவை கூப்பிடுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.